காதுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று: டெட்பூலின் இரு பாகங்களும் பிரெஞ்சு டப்பிங்கும்

டெட்பூல் என்ற ஹாலிவுட் சூப்பர்ஹீரோ நகைச்சுவைப் படத்தின் இரண்டாம் பாகம் முதல் பாகத்துக்கு ஈடா என்று கேட்டால் சென்னைக்காரர் ஒரு பதில் சொல்வார், மொரீஷியஸின் போர்ட் லூயிக்காரர் வேறொன்று சொல்வார். இருவர் பதிலும் சரியாகவே இருக்கலாம். மொரீஷியஸில் ஹாலிவுட் படங்கள் பெரும்பாலும் பிரெஞ்சு டப்பிங்கில்தான் திரைக்கு வருகின்றன. காட்சி நேரத்துக்குப் பக்கத்தில் வி.எஃப். என்று போட்டிருந்தால் பிரெஞ்சுக் குரல், வி.ஓ. என்றால் மூலக் குரல். டிராகன் வந்து நெருப்பைக் கக்கும் படமென்றால் இந்த இரண்டு எழுத்தால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. நகைச்சுவைப் படத்தில் பாதிப் படமே அதில்தான் இருக்கிறது. அதுவும் வாய் ஓயாத ஒருவனை நாயகனாக வைத்த படம். (கதை முழுக்க உடைத்துப் பேசப்படுகிறது. படங்களை இன்னும் பார்க்காதவர் பார்த்துவிட்டு வரலாம்.)

முதலில் கணக்கு. முதல் பாகம் 2016 பிப்ரவரியில் வந்தது. இயக்கம் டிம் மில்லர், செலவு சுமார் 5.8 கோடி டாலர், நீளம் 108 நிமிடம். இரண்டாம் பாகம் 2018 மே மாதம். மில்லர் விலகிப் போக, ஸ்டண்ட் கலைஞராக இருந்து இயக்குநரான டேவிட் லீட்ச் வந்தார். செலவு சுமார் 11 கோடி, நீளம் 119 நிமிடம். ஏறக்குறைய இரு மடங்கு பணம் போட்டார்கள். உலகம் முழுக்கச் சேர்ந்த வசூல் இரண்டுக்குமே சுமார் 78 கோடி. வசூலை வைத்துத் தீர்ப்பு எழுத நினைப்பவர்களுக்கு இந்த ஜோடி உதவாது.

முதல் படத்தின் பலம் அதன் வறுமை. 2014இல் ஒரு சோதனைக் காட்சி இணையத்தில் கசிந்து, ரசிகர்கள் கூச்சல் போட்ட பிறகே ஸ்டூடியோ சம்மதித்தது. சம்மதித்த கையோடு கடைசி நேரத்தில் சுமார் 70 லட்சம் டாலரை வெட்டியது. எழுத்தாளர்கள் ரெட் ரீஸும் பால் வெர்னிக்கும் அந்த வெட்டுக் காயத்தையே நகைச்சுவையாக்கினார்கள். உச்சக்கட்டச் சண்டைக்குப் போகிற டெட்பூல், துப்பாக்கிப் பையை டாக்சியிலேயே மறந்துவிட்டு இறங்குகிறான். பிறகு வாளோடுதான் சண்டை. ஒரு பெரிய துப்பாக்கிச் சண்டைக்கு ஆகும் செலவு மிச்சம், சிரிப்பு லாபம். பாலத்துச் சண்டையிலும் அப்படித்தான்: கையில் 12 தோட்டா மட்டுமே, ஆள்கள் அதிகம், எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்கிறான். ஒவ்வொன்றாக எண்ணிச் சுடுகிறான். எண்ணிக்கை இருக்கிற இடத்தில் பதற்றம் தானே வந்துவிடும். தவறவிட்ட தோட்டா ஒவ்வொன்றும் ஒரு நகைச்சுவைத் துணுக்கு.

அந்தப் பாலத்துச் சண்டையைப் படம் ஒரே மூச்சில் காட்டுவதும் இல்லை. கொஞ்சம் சண்டை, பிறகு பழைய கதை, மறுபடி சண்டை, மறுபடி பழைய கதை. சூப்பர்ஹீரோ படங்களின் முதல் பாகம் என்றாலே 'இவன் இப்படி ஆனது எப்படி' என்ற கதையைச் சொல்லியாக வேண்டும். பார்வையாளர் கடிகாரம் பார்க்கத் தொடங்குவது அங்கேதான். டெட்பூல் அந்தக் கதையைத் துண்டு போட்டு, துண்டுகளுக்கு நடுவே சண்டையைச் செருகியது. கதையும் எளிது: காதலியைப் பிரிந்தான், முகம் போனது, முகத்தைக் கெடுத்தவனைத் தேடுகிறான். ஒரு வரியில் அடங்குகிற கதை என்பதால்தான் மேலே எத்தனை நகைச்சுவை ஏற்றினாலும் தாங்குகிறது.

இனி டப்பிங். பிரெஞ்சுக்காரர்கள் இதைக் கைத்தொழிலாகவே வளர்த்து வைத்திருக்கிறார்கள். பாந்த் ரித்மோ என்று ஓர் எழுத்துப் பட்டை. படத்துக்குக் கீழே வலமிருந்து இடமாக வசனம் ஓடும். ஒரு செங்குத்துக் கோட்டை எந்த எழுத்து தொடுகிறதோ, அந்த நொடியில் அதைப் பேச வேண்டும். இதற்கு முன்பே ஒருவர் படத்தை நொடி நொடியாகப் பார்த்து, நடிகரின் வாய் எங்கே திறக்கிறது, எங்கே இதழ்கள் ஒட்டுகின்றன என்று குறித்துக் கொடுத்திருப்பார். இதழ் ஒட்டும் இடத்தில் ப, ம போன்ற ஓசை வரும்படி வசனகர்த்தா எழுத வேண்டும். நம் நிரோட்டகத்தைத் தலைகீழாக நினைத்துக்கொள்ளுங்கள். திருச்செந்தூர் முருகன் மேல் இதழ் ஒட்டாமலே அந்தாதி பாடினார் சிவப்பிரகாசர். இங்கே குறிப்பிட்ட இடத்தில் இதழ் ஒட்டியே ஆக வேண்டும், பொருளும் கெடக்கூடாது, சிரிப்பும் வர வேண்டும்.

டெட்பூல் முகமூடி போட்டவன். வாயே தெரியாது. மூலப் படத்திலேயே, டெட்பூலாக நடித்த ரயன் ரெனால்ட்ஸ் படப்பிடிப்பு முடிந்த பிறகும் ஒலிக்கூடத்தில் வசனத்தை மாற்றி மாற்றிப் பேசிச் சேர்த்தார். கண்ணைச் சுற்றியுள்ள வெள்ளைத் திட்டுகள்கூடப் பிறகு கிராஃபிக்ஸில் அசைக்கப்பட்டவைதான். பிரெஞ்சு வசனகர்த்தாவுக்கு இது பெரிய விடுதலை. நீளமும் கையசைவும் பொருந்தினால் போதும், என்ன வேண்டுமானாலும் எழுதலாம். முகமூடி கழன்றதும் அந்த விடுதலை முடிந்துவிடுகிறது. முதல் பாகத்தின் பழைய கதைப் பகுதிகளில் வேட் வில்சன், அதாவது டெட்பூல் ஆவதற்கு முன்பிருந்த அவன், முகம் தெரியத்தான் பேசுகிறான். காதலி வனெஸ்ஸாவோடு வாய்க்கு வாய் போட்டி போட்டுக்கொண்டு யாருடைய இளமை மோசம் என்று பேசும் காட்சி, மதுக்கடையில் நண்பன் வீசலுடன் பேசும் காட்சிகள், எல்லாமே இரண்டு முகம், நெருக்கமான ஷாட், வேகமான பேச்சு. ஆங்கிலத்தைவிடப் பிரெஞ்சு வாக்கியம் இயல்பாகவே நீளும் என்பதால் டப்பிங் முதலில் தடுமாறுவது இந்த மாதிரி இடங்களில்தான். முதல் பாகத்தின் உயிரும் அங்கேயேதான் இருக்கிறது.

கெட்ட வார்த்தை இன்னொரு சங்கடம். படத்தின் வாயாடித்தனத்தில் பாதி வசைதான். பிரெஞ்சு டப்பிங் அதைப் பாரிஸ் தெருக் கொச்சையாக மாற்றுகிறது. மொரீஷியஸில் பிரெஞ்சு பத்திரிகை மொழி, பள்ளியில் கற்கும் மொழி, தொலைக்காட்சி மொழி. கோபம் வந்தால் வாயில் வருவது தீவின் பேச்சு மொழியான க்ரியோல். பாரிஸ் கொச்சையைக் கேட்டால் புரியும், ஆனால் சுடாது. பக்கத்து வீட்டில் யாரோ திட்டுவதுபோல இருக்கும். ரெயூனியன் தீவிலும் ஏறக்குறைய இதே நிலைதான், அங்கே க்ரியோல் வேறு என்றாலும். கவுண்டமணி செந்திலைத் திட்டுவதைச் செந்தமிழில் எழுதிக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் எப்படியோ, அப்படி.

எல்லாமே தொலைவதில்லை. முதல் பாகத்தில் டெட்பூல் நம்மைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே, இன்னொரு டெட்பூல் நம்மைப் பார்த்துப் பேசிய பழைய காட்சிக்குள் போய்வருகிறான். மேடைக்கும் பார்வையாளருக்கும் நடுவே இருப்பதாக நாடகக்காரர்கள் சொல்லும் நான்காம் சுவரை உடைப்பதற்குள் இன்னொரு நான்காம் சுவரை உடைத்தால், மொத்தம் 16 சுவர் என்கிறான். நாலு நாலு பதினாறு எந்த மொழியிலும் பதினாறுதான். வில்லன் பிரான்சிஸ் தனக்கு வைத்துக்கொண்ட ஏஜாக்ஸ் என்ற பெயர் பாத்திரம் கழுவும் சோப்பின் பெயர் என்ற கிண்டலும் கரை சேர்ந்துவிடும். எக்ஸ்-மென் என்ற சூப்பர்ஹீரோ அணியின் தலைவரான பேராசிரியர் சேவியரிடம் உன்னைக் கூட்டிப் போகிறேன் என்று அந்த அணியின் கொலோசஸ் சொன்னதும், எந்தச் சேவியர், மெக்அவாயா ஸ்டூவர்ட்டா என்று கேட்கும் இடம், அந்தப் பாத்திரத்தில் இருவர் நடித்ததை அறிந்தவருக்கு எந்த மொழியிலும் சிரிப்பைத் தரும். எண், பெயர், பிராண்டு ஆகிய மூன்றும் டப்பிங்கைத் தாண்டிவிடும். சிலேடை, தொனி, வசை மூன்றும் தாண்டாது. கிரேஸி மோகன் வசனத்தை வேற்று மொழியில் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எல்லாத் தொழில்நுட்பப் பேச்சையும் ஒதுக்கிவிட்டு ஒரு சோதனை செய்யலாம். ஒலியை முழுக்க அணைத்துவிட்டு இரண்டு படத்திலும் பத்துப் பத்து நிமிடம் பாருங்கள். நாகேஷ் ஒலி இல்லாமலும் நாகேஷ்தான். கவுண்டமணி ஒலி இல்லாவிட்டால் கோபக்காரர், அவ்வளவே. டெட்பூல் முதல் பாகம் இந்தச் சோதனையில் கவுண்டமணி பக்கம் சாய்கிறது. தொடக்கப் பெயர்ப் பட்டியல்கூட அப்படித்தான்: உருளும் காருக்குள் எல்லாம் உறைந்து நிற்க, நடிகர் பெயர்களுக்குப் பதில் 'ஆங்கிலேய வில்லன்', 'எழுதியவர்கள்: இந்தப் படத்தின் நிஜ நாயகர்கள்' என்கிற ரீதியில் எழுத்துகள் மிதக்கின்றன. கண்ணுக்கான காட்சி போலத் தெரிந்தாலும் படிக்கத் தெரிந்தால்தான் சிரிப்பு. இரண்டாம் பாகம் நாகேஷ் பக்கம் சாய்கிறது. லீட்ச் ஸ்டண்ட் பள்ளியில் வளர்ந்தவர். உடம்பு விழும் விதத்திலேயே சிரிப்பை ஒளித்து வைக்கத் தெரிந்தவர்.

ஒரே நகைச்சுவை இரண்டு படத்திலும் வரும் இடத்தை எடுத்துக்கொண்டால் இது பளிச்சென்று தெரியும். முதல் பாகத்தில் எக்ஸ்-மென் மாளிகைக்கு வந்த டெட்பூல், இவ்வளவு பெரிய வீட்டில் எப்போதும் நீங்கள் இரண்டு பேர்தானா, ஸ்டூடியோவிடம் இன்னொருவருக்குக் கொடுக்கக் காசு இல்லையோ என்று கேட்கிறான். நல்ல வசனம், முழுக்கக் காதுக்கானது. இரண்டாம் பாகத்தில் அதே மாளிகையில் அதே குறையைச் சொல்லிப் புலம்புகிறான். அவன் முதுகுக்குப் பின்னால் ஓர் அறையில் எக்ஸ்-மென் கூட்டமே, நிஜ நடிகர்களோடு, உட்கார்ந்திருக்கிறது. சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். முதல் பாகம் இல்லை என்று சொன்ன காசு இப்போது இருக்கிறது, அதை இரண்டே நொடியில் செலவழித்துவிட்டுப் போகிறார்கள். ஒரு சொல்லும் தேவையில்லை. இரண்டாம் பாகம் முதலை வெல்லும் இடங்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

எல்லா இடத்திலும் இந்தச் சிக்கனம் இல்லை. முதல் பாகத்தில் கைவிலங்கிலிருந்து தப்பக் கையை வெட்டிக்கொள்கிறான். வெட்டுப்பட்ட உறுப்பு தானே வளரும் உடம்பு அவனுக்கு, அதனால் குழந்தைக் கை முளைக்கிறது. இரண்டாம் பாகத்தில் ஜகர்நாட் என்ற ராட்சத வில்லன் அவனை இரண்டாகக் கிழிக்கிறான். குழந்தைக் கால்கள் முளைக்கின்றன, அவற்றோடு ஒரு முழுக் காட்சி. கை சிரிப்பை நொடியில் முடித்தது, கால் நிமிடக்கணக்கில் இழுக்கிறது. இரண்டாம் பாகம் எடுப்பவர்கள் எல்லோருக்கும் வருகிற வியாதி இது. (ஜகர்நாட் என்ற ஆங்கிலச் சொல்லே பூரி ஜகந்நாதர் தேரிலிருந்து வந்தது. பிரெஞ்சு காமிக்ஸில் அவன் பெயர் ஃப்ளேயோ, பெருங்கேடு என்று பொருள். தேர் காணாமல் போய்விட்டது.)

டெட்பூல் திரட்டும் எக்ஸ்-ஃபோர்ஸ் என்ற குழுவின் பாராசூட் காட்சிதான் இரண்டாம் பாகத்தின் சிகரம். ஆள் சேர்க்கும் நேர்காணல், ஆளுக்கொரு சக்தி, கம்பீர நடை, பிறகு விமானத்திலிருந்து குதித்தல். காற்று பலமாக அடிக்கிறது என்ற எச்சரிக்கை முன்பே வந்துவிடுகிறது, யாரும் காதில் வாங்குவதில்லை. பெட்லம் பேருந்தில் மோதுகிறான். ஷாட்டர்ஸ்டார் ஹெலிகாப்டர் இறக்கையில். கண்ணுக்குத் தெரியாத வேனிஷர் மின்கம்பியில் மாட்டி, ஷாக் அடிக்கும் அந்த ஒரு கணம் மட்டும் முகம் தெரிகிறது: பிராட் பிட். ஸைட்கைஸ்ட் மரம் அரைக்கும் இயந்திரத்தில். எந்தச் சக்தியும் இல்லாத பீட்டர் மட்டும் பத்திரமாகத் தரையிறங்கி, அடுத்தவனைக் காப்பாற்றப் போய் அவன் கக்கும் அமிலத்தில் சாகிறான். கட்டமைப்பு மிக நுட்பம். ட்ரெய்லர்களே இந்தக் குழுவைப் பெரிய அணியாக விற்றன. அதனால் நகைச்சுவையின் முதல் பாதி படம் வெளிவருவதற்கு மாதங்களுக்கு முன்பே பார்வையாளர் தலைக்குள் ஏறியிருந்தது. பிரெஞ்சு டப்பிங் இங்கே கெடுக்க ஒன்றுமே இல்லை. திரையரங்கில் எழும் 'ஐயோ' மட்டும்தான் வசனம், அது இந்தத் தீவின் க்ரியோலிலும் தமிழிலும் ஒன்றே. மறுமுறை பார்க்கும்போது இதன் பலம் பாதியாகிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் பாகத்துப் பாலம் மறுமுறையும் தாங்குகிறது.

அதே குழுவில் அதிர்ஷ்டத்தையே சக்தியாகக் கொண்ட டோமினோ அதே நிகழ்ச்சியின் மறுபக்கம். அதிர்ஷ்டம் என்பது ஒரு சக்தியே இல்லை, அதைத் திரையில் காட்டவும் முடியாது என்று டெட்பூல் வாதம் பண்ணுகிறான். உடனே படம் அதைக் காட்டுகிறது: மேலிருந்து விழுகிறவள் பொம்மை மேல் விழுகிறாள், வருகிற வண்டிகள் ஒன்றோடொன்று மோதி அவளுக்கு வழி விடுகின்றன. வாயாடியைப் படமே மறுத்துப் பேசுகிறது. இதே இடத்தில் கால் வரையத் தெரியாத ஓவியன் எவனோ உண்டாக்கிய சக்தி இது என்று ஒரு குத்தல் வரும்; டெட்பூலை ஃபேபியன் நிசீசாவோடு சேர்ந்து படைத்த ராப் லைஃபெல்ட் பாதங்களைச் சரியாக வரைவதில்லை என்ற பழைய கேலி அது. அமெரிக்க காமிக்ஸ் கடைக்குப் போய் வளர்ந்தவருக்கான துணுக்கு. டின்டினும் ஆஸ்டெரிக்ஸும் படித்து வளர்ந்த தீவில் அது தரையில் விழுந்து கிடக்கும்.

டாக்சி ஓட்டுநர் டோபிந்தர் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. முதல் பாகத்தில் அவன் டாக்சியில் 'மேரா ஜூத்தா ஹை ஜப்பானி' ஒலிக்கிறது, 1955இல் வந்த ராஜ் கபூர் படத்துப் பாட்டு. செருப்பு ஜப்பான், கால்சட்டை இங்கிலாந்து, தொப்பி ரஷ்யா, நெஞ்சு மட்டும் இந்தியா என்று பாடும் பாட்டு, அமெரிக்க நகரத்தில் டாக்சி ஓட்டும் இளைஞனின் வண்டியில். இரண்டாம் பாகத்தில் ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த ஸ்வதேஸ் படத்துப் பாட்டு. பாட்டுகளை டப்பிங் தொடுவதில்லை. ஆங்கில மூலத்தில் அமெரிக்கப் பார்வையாளருக்கு வெறும் இந்திய வாசனையாகப் போகிற ஒலி, மொரீஷியஸ் திரையரங்கில் நேராக வந்து சேர்கிறது. பாத்திரம் என்ற அளவில் டோபிந்தர் இரண்டாம் பாகத்தில் தேய்ந்துவிட்டான். முதலில் அவனுக்குக் காதல், போட்டியாளன், டெட்பூலின் விபரீத ஆலோசனை என்று ஒரு குட்டிக் கதையே இருந்தது. இப்போது கூலிக் கொலைகாரன் ஆக வேண்டும் என்ற ஒரே ஆசையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். பாட்டு உயர்ந்தது, ஆள் குறைந்தான்.

இரண்டாம் பாகத்தின் உண்மையான ஓட்டை கதையில் இருக்கிறது. படம் தொடங்கிய சிறிது நேரத்தில் வனெஸ்ஸாவைக் கொன்றுவிடுகிறார்கள், நாயகனுக்குத் துக்கம் வேண்டும் என்பதற்காக. காமிக்ஸ் உலகில் இந்த உத்திக்குக் குளிர்பெட்டிப் பெண்கள் என்று பெயர். 1999இல் கெயில் சிமோன் இப்படி வீணாகக் கொல்லப்பட்ட பெண் பாத்திரங்களைப் பட்டியலிட்டார். 1994இல் வந்த க்ரீன் லேன்டர்ன் கதை ஒன்றில் நாயகனின் காதலியைக் கொன்று குளிர்பெட்டியில் திணித்திருந்ததால் வந்த பெயர். அதே க்ரீன் லேன்டர்னாக 2011இல் நடித்துச் சூடு பட்டவர் ரெனால்ட்ஸ். சிமோனே டெட்பூல் காமிக்ஸும் எழுதியவர். இவ்வளவு தொடர்பு இருந்தும், எல்லா வழக்கத்தையும் கிண்டல் செய்யும் படம் இந்த ஒரு வழக்கத்தைக் கிண்டல் செய்யாமல் அப்படியே பயன்படுத்திக்கொண்டது.

அதன் பிறகு கதை மூன்றாகப் பிரிகிறது: வேடின் துக்கம், சிறுவன் ரஸ்ஸலைக் கெட்டுப் போகாமல் காப்பது, எதிர்காலத்திலிருந்து வந்த கேபிளின் பழிவாங்கல். மூன்றும் கடைசியில் சேர்கின்றன என்றாலும் முதல் பாகத்தின் ஒற்றை நூல் இல்லை. திரைக்கதையில் தொய்வு வரும் இடத்தில் 'இது சோம்பேறி எழுத்து' என்று டெட்பூலே நம்மிடம் சொல்கிறான். குற்றத்தை ஒப்புக்கொள்வது ஒருமுறை சிரிப்பு. மறுபடி மறுபடி ஒப்புக்கொண்டால் திருத்திவிட்டு வந்திருக்கலாமே என்று தோன்றும். கேபிளாக நடித்த ஜாஷ் ப்ரோலினை தானோஸ் என்று கூப்பிடுவதும் அப்படித்தான். அவர் தானோஸாக நடித்த அவெஞ்சர்ஸ் படம் வந்து மூன்றே வாரத்தில் இது வந்தது. அந்த மே மாதத்தில் அரங்கம் அதிரும் நகைச்சுவை. இன்று பார்க்கிறவருக்கு அது பழைய செய்தித்தாள்.

பார்க்கும் முறை பற்றி. இரண்டுக்கும் வி.ஓ. கிடைக்காவிட்டால் முதல் பாகத்துக்காவது தேடுங்கள். வட்டிலோ இணையத்திலோ என்றால் ஆங்கில ஒலி, பிரெஞ்சு சப்டைட்டில். சப்டைட்டில் வசனத்தை முன்கூட்டியே காட்டிச் சிரிப்பைத் திருடிவிடும் என்பது உண்மை, வேகமான ஆங்கிலம் பழகியவர் அதையும் அணைத்துவிடலாம். இரண்டாம் பாகத்தைத் தயங்காமல் பிரெஞ்சிலேயே பார்க்கலாம். வீட்டில் சிறுவர்கள் இருந்தால் இரண்டையும் தள்ளி வையுங்கள். இரண்டாம் பாகத்துக்கு 2018 டிசம்பரில் ரத்தமும் வசையும் குறைத்து ஒரு பதிப்பு வந்தது, வளர்ந்த பிள்ளைகளுக்கு அது தாங்கும். இப்படி வெட்டியும் படம் நின்றது என்பதே அதன் சிரிப்பு எங்கே இருக்கிறது என்பதற்குச் சாட்சி. முதல் பாகத்தை இப்படி வெட்டினால் மிஞ்சுவது அரை மணி நேரம்.

இன்னொன்று. இரண்டாம் பாகத்தின் பெயர்ப் பட்டியலுக்கு நடுவே, பழுது பார்த்த, கேபிளின் காலப் பயணக் கருவியை வைத்துக்கொண்டு டெட்பூல் பின்னோக்கிப் போகிறான். வனெஸ்ஸாவைக் காப்பாற்றுகிறான், பீட்டரைக் காப்பாற்றுகிறான், 2009 வோல்வரின் படத்தில் வாய் தைக்கப்பட்டு வந்த பழைய டெட்பூலைச் சுடுகிறான், க்ரீன் லேன்டர்ன் திரைக்கதையைக் கையில் வைத்து மகிழும் ரெனால்ட்ஸையும் சுடுகிறான். சிரிப்புக்கு இதைவிட நல்ல சில நிமிடங்கள் படத்திலேயே இல்லை. ஆனால் இரண்டு மணி நேரம் நம்மைத் துக்கப்பட வைத்ததை அந்தச் சில நிமிடங்கள் கேட்காமலே திருப்பி எடுத்துக்கொள்கின்றன. நகைச்சுவைக்காக வந்தவர் உட்கார்ந்திருக்கட்டும். வேட் கடைசியில் கற்றுக்கொண்டது நிலைக்க வேண்டும் என்று நினைப்பவர், பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எழுந்து போய்விடலாம். அவர் பார்த்தது இன்னும் கொஞ்சம் நல்ல படம்.